கழுத்துத் தமனியை அடைத்துப் பார்த்தல்: ஒரு சோதனையின் வரலாறு

கழுத்துத் தமனி அடைப்புச் சோதனை என்பது, மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் கழுத்துத் தமனிகளுள் ஒன்றை நிரந்தரமாக மூட நேரலாம் என்ற நிலையில், அறுவை சிகிச்சைக்கு முன்பே அதைச் சில நிமிடங்கள் மட்டும் அடைத்து, மூளை அதைத் தாங்குகிறதா என்று பார்க்கும் முறையாகும். கழுத்திலோ மண்டையோட்டின் அடிப்பகுதியிலோ வளர்ந்த கட்டி தமனியைச் சுற்றிப் பிடித்திருக்கலாம். தமனியின் சுவர் பலூன்போலப் புடைத்து வெடிக்கும் நிலையில் இருக்கலாம். கண்ணுக்குப் பின்னால் தமனிக்கும் சிரைக்கும் இடையே கிழிசல் ஏற்பட்டிருக்கலாம். இத்தகைய நிலைகளில் தமனியைக் காப்பாற்ற முடியாமற் போனால் அதை மூடுவதைத் தவிர வேறு வழியிருக்காது. மூடினால் நோயாளி பிழைப்பாரா, அல்லது ஒரு பக்கம் செயலிழந்து போவாரா என்பதே மருத்துவர்முன் நிற்கும் கேள்வி.

இக்கேள்விக்கு விடை காண மருத்துவர்கள் கையாண்ட வழிகள் இருநூறு ஆண்டுகளில் பலமுறை மாறியுள்ளன. முதலில் விரல், பிறகு உலோகப் பட்டை, அதன்பின் திருகுக் கவ்வி, இறுதியாகப் பலூன். ஒவ்வொரு மாற்றமும் சோதனையைப் பாதுகாப்பானதாக்கியது, செலவையும் கூட்டியது. ஆயினும் முழு உறுதியான விடையை இவற்றில் எதுவும் தரவில்லை.

பெயரிலேயே ஓர் எச்சரிக்கை

கழுத்தின் இருபுறமும் துடிக்கும் பெருந்தமனிக்கு மருத்துவ நூல்கள் இட்டுள்ள பெயர் கரோட்டிட் தமனி. இது ஆழ்ந்த உறக்கம் அல்லது உணர்விழப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இத்தமனியை அழுத்தினால் மனிதன் உணர்விழப்பான் என்பதைப் பண்டைக் கிரேக்கர் கண்டிருந்தனர்.

ஆனால் இரு தமனிகளில் ஒன்று அடைபட்டாலும் சிலருக்கு எதுவும் நேர்வதில்லை. இதற்கான விளக்கத்தை 1664-இல் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் தமது மூளை உடற்கூற்றியல் நூலில் அளித்தார். மூளையின் அடிப்பகுதியில், முன்புறக் கழுத்துத் தமனிகள் இரண்டும் முதுகெலும்பை ஒட்டி ஏறும் தமனிகள் இரண்டும் சிறு கிளைகளால் இணைந்து ஒரு வளையமாக அமைந்திருக்கின்றன. ஒரு வழி அடைபட்டால் மற்ற வழிகளிலிருந்து குருதி வந்து சேரும். ஒரு பக்கக் கழுத்துத் தமனி முழுவதும் அடைபட்டிருந்தும் அதனால் பக்கவாதம் எதுவும் வராமல் வாழ்ந்த ஒருவரின் உடலை வில்லிஸ் அறுத்துப் பார்த்திருந்தார். அவருடைய முதுகெலும்புத் தமனி வழக்கத்தைவிடப் பெரிதாகியிருந்தது. இவ்வளையம் இன்றும் வில்லிஸ் வளையம் என்றே அழைக்கப்படுகிறது.

பாடநூல் படத்தில் இவ்வளையம் முழுமையாக இருக்கும். மனிதர்களிடம் அப்படி இருப்பதில்லை. பலருக்கு இணைப்புக் கிளைகளில் ஒன்று மெல்லியதாக இருக்கும். சிலருக்கு இருக்கவே இருக்காது. வெளியிலிருந்து பார்த்து இதை அறிய முடியாது. இச்சோதனையின் தேவை இங்கிருந்துதான் எழுகிறது.

கட்டிய பின் தெரிந்த விடை

தமனியைக் கட்டலாம் என்ற துணிச்சல் முதலில் காலில்தான் பிறந்தது. 1785-இல் இலண்டனில் ஜான் ஹண்டர், முழங்காலுக்குப் பின்னால் தமனி புடைத்திருந்த ஒரு வண்டியோட்டிக்குத் தொடைத் தமனியைக் கட்டினார். கால் அழுகவில்லை. பக்கக் கிளைகள் விரிந்து குருதியைக் கொண்டு சென்றன. ஆனால் கால் தசை சில மணி நேரம் குருதியின்றித் தாங்கும். மூளையோ சில நிமிடங்கள் கூடத் தாங்காது.

1798-இல் இலண்டன் மருத்துவர் ஜான் அபர்நெதி, மாட்டின் கொம்பு குத்திக் கழுத்துத் தமனி கிழிந்த ஒருவரிடம் வேறு வழியின்றி அத்தமனியைக் கட்டினார். குருதிப்பெருக்கு நின்றது. ஆனால் நோயாளியின் ஒரு பக்கம் செயலிழந்தது. ஏறத்தாழ ஒன்றேகால் நாளில் அவர் இறந்தார். 1803-இல் பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றில் பணியாற்றிய டேவிட் ஃபிளெமிங் என்ற மருத்துவர், கழுத்து அறுபட்ட ஒருவரிடம் அதே அறுவையைச் செய்தார். அவர் பிழைத்துக்கொண்டார்.

இலண்டன் கைஸ் மருத்துவமனையின் ஆஸ்ட்லி கூப்பரும் இவ்விரு முடிவுகளையும் கண்டவர். 1805-இல் கழுத்துத் தமனி புடைத்திருந்த ஒரு பெண்ணுக்கு அவர் செய்த அறுவை தோல்வியில் முடிந்தது. அவருக்கும் பக்கவாதம் வந்தது, பிறகு இறந்தார். 1808-இல் ஓர் ஆணுக்குச் செய்த அறுவை வெற்றி பெற்றது. அவர் 1821 வரை வாழ்ந்தார்.

மருத்துவர்களின் திறமை ஒன்றுதான், தமனியும் ஒன்றுதான். முடிவுகள் ஏன் வேறுபட்டன? ஒருவருடைய வளையம் போதுமானதாக இருந்தது, மற்றவருடையது இல்லை. அதை அறிய அன்று இருந்த ஒரே வழி, தமனியைக் கட்டிவிட்டுக் காத்திருப்பது. விடை தெரியும்போது அதைத் திருத்தும் காலம் கடந்திருக்கும்.

மாட்டாஸின் எண்ணம்

இந்த வரிசையை மாற்றியவர் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பணியாற்றிய ருடால்ஃப் மாட்டாஸ் (1860–1957). தமனி அறுவையின் முன்னோடிகளுள் ஒருவர். பெருந்தமனியை மூடுவதற்கு முன் மாற்றுவழிக் குருதியோட்டம் போதுமா என்று சோதித்தறிய வேண்டும் என்று 1911-இல் வெளியான கட்டுரைகளில் அவர் வலியுறுத்தினார்.

அவருடைய முறை எளிமையானது. நோயாளி விழித்திருக்க, கழுத்துத் தமனியை முதுகெலும்பை நோக்கி அழுத்திப் பிடிக்க வேண்டும். சில நிமிடங்கள் அவருடைய பேச்சையும் கைகால் அசைவையும் கவனிக்க வேண்டும். தளர்ச்சி தெரிந்தால் உடனே விட்டுவிடலாம். இது இன்றும் மாட்டாஸ் சோதனை எனப்படுகிறது.

சில நிமிட அழுத்தம் போதாது என்பதை மாட்டாஸே உணர்ந்திருந்தார். அதனால் அவரும் அவருடன் பணியாற்றிய கரோல் ஆலனும், கழற்றக்கூடிய மெல்லிய அலுமினியப் பட்டையால் தமனியைச் சுற்றி நெருக்கும் முறையை உருவாக்கினர். விலங்குகளின் தமனிகளில் உலோகப் பட்டைகளைச் சோதித்து வில்லியம் ஹால்ஸ்டெட் 1909-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முன்னோடி. நூலால் இறுகக் கட்டினால் தமனியின் உட்சுவர் நைந்துவிடும். பட்டை அவ்வாறு செய்யாது. மூளைப் பாதிப்பின் அறிகுறி தோன்றினால் காயத்தைத் திறந்து பட்டையை எடுத்துவிடலாம். திரும்பப் பெற முடியாத ஒரு செயலைத் திரும்பப் பெறக்கூடியதாக மாற்றியதே மாட்டாஸின் பங்களிப்பு.

விரலின் குறைகள்

விரலுக்குச் செலவில்லை. ஆனால் அது தவறான விடையையும் தரக்கூடும். அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, தமனி முழுவதும் அடைபட்டதா என்பது உறுதியில்லை. தடித்த கழுத்தில் ஓட்டம் குறையுமே தவிர நிற்காமலிருக்கலாம். அப்போது தாங்காத மூளையும் தாங்குவதுபோலத் தோன்றும்.

இரண்டாவது, இதற்கு நேர்மாறான பிழை. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியுமிடத்தில் குருதி அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அவ்விடத்தை அழுத்தினால் இதயத் துடிப்பு குறைந்து, குருதி அழுத்தம் தாழும் என்பதை 1920-களில் ஜெர்மானிய உடலியலாளர் ஹெரிங் விளக்கினார். ஆகவே நோயாளி மயங்கினால், அது மூளைக்குக் குருதி போதாததாலா, இதயம் மெதுவானதாலா என்று பிரித்தறிவது கடினம்.

மூன்றாவது, முதியோரின் தமனிச் சுவரில் கொழுப்புப் படிவு இருக்கலாம். அழுத்தும்போது அதன் துணுக்கு உடைந்து மூளைக்குச் சென்றால், பக்கவாதத்தைத் தடுக்கச் செய்த சோதனையே பக்கவாதத்தை உண்டாக்கிவிடும். இக்காரணத்தால்தான் கழுத்தைத் தாமாக அழுத்திப் பார்ப்பது எவருக்கும் ஏற்றதன்று.

1950-களில் திருகுக் கவ்விகள் வந்தன. செல்வர்ஸ்டோன், கிரட்ச்ஃபீல்ட் ஆகிய அமெரிக்க மருத்துவர்களின் பெயரால் இவை அழைக்கப்பட்டன. கழுத்தைத் திறந்து தமனியில் கவ்வியைப் பொருத்தி, அதன் திருகு முனையைத் தோலுக்கு வெளியே விட்டுவிடுவர். சில நாட்களில் சிறிது சிறிதாகத் திருகி மூடுவர். நோயாளியின் கை தளர்ந்தால் உடனே திருகைத் தளர்த்த வேண்டும் என்பதால் திருப்பும் கருவி படுக்கையருகிலேயே இருக்கும். விரலைவிட இது துல்லியமானது. ஆனால் சோதிப்பதற்கே ஓர் அறுவை தேவைப்பட்டது. பல நாள் மருத்துவமனைத் தங்கலும் இடைவிடாத செவிலியர் கண்காணிப்பும் தேவைப்பட்டன.

பலூனின் வருகை

கழுத்தை வெட்டாமல் தமனியை உள்ளிருந்தே அடைக்க மூன்று முன்னேற்றங்கள் ஒன்றுசேர வேண்டியிருந்தது. 1927-இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ், மூளைத் தமனிகளை எக்ஸ்-கதிர்ப் படத்தில் காட்டும் முறையைக் கண்டார். 1953-இல் சுவீடனின் செல்டிங்கர், ஊசியும் மென்கம்பியும் கொண்டு தோல் வழியாகவே தமனிக்குள் வடிகுழாயைச் செலுத்தும் முறையை வெளியிட்டார். 1963-இல் அமெரிக்காவின் தாமஸ் ஃபோகார்ட்டி, நுனியில் சிறு பலூன் கொண்ட வடிகுழாயை அறிமுகப்படுத்தினார். கைகால் தமனிகளில் அடைத்த குருதிக்கட்டியை இழுத்தெடுக்கவே அவர் அதைச் செய்தார். முதல் பலூனை அறுவைக் கையுறையின் விரல் நுனியிலிருந்து வெட்டியெடுத்தார்.

இவற்றை மூளைத் தமனிகளுக்குக் கொண்டு சென்றவர் மாஸ்கோவின் புர்தென்கோ நரம்பறுவை நிறுவனத்தைச் சேர்ந்த ஃபியோதர் செர்பினென்கோ. மே நாள் விழாவில் குழந்தைகள் கையில் பிடித்திருந்த பலூன்களைப் பார்த்தபோது அவருக்கு இவ்வெண்ணம் தோன்றியதாகச் சொல்வதுண்டு. சிறு பலூன்களைத் தம் கையாலேயே செய்து, தமனிக்குள் செலுத்தி, தேவையான இடத்தில் ஊதித் தற்காலிகமாக அடைத்தார். சோதனையில் நோயாளி தாங்கினால், பலூனை அங்கேயே கழற்றிவிட்டு நிரந்தரமாக அடைக்கும் வழியையும் கண்டார். 1974-இல் அமெரிக்க நரம்பறுவை இதழில் வெளியான அவருடைய கட்டுரை, மூளைத் தமனிகளை உள்ளிருந்தே மருத்துவம் செய்யும் துறைக்கு அடித்தளமாகக் கருதப்படுகிறது.

சோதனை நடைபெறும் முறை

நோயாளிக்கு முழு மயக்கம் தரப்படுவதில்லை. தொடையின் மேற்பகுதியில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, அங்குள்ள தமனி வழியாக வடிகுழாயைக் கழுத்துவரை கொண்டு செல்வர். குருதி உறையாமலிருக்க ஹெப்பாரின் தருவர். பிறகு மூளைக்குச் செல்லும் உட்கரோட்டிட் தமனியில் பலூனை ஊதி ஓட்டத்தை நிறுத்துவர். பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடங்கள் வரை இந்நிலை நீடிக்கும்.

அந்த நேரம் முழுவதும் ஒருவர் நோயாளியுடன் பேசிக்கொண்டே இருப்பார். கையை உயர்த்தச் சொல்வார், விரலை இறுகப் பிடிக்கச் சொல்வார், எண்களைப் பின்னோக்கி எண்ணச் சொல்வார், காட்டும் பொருளின் பெயரைக் கேட்பார். சொல் தடுமாறினாலோ கை தாழ்ந்தாலோ அந்த நொடியே பலூனைச் சுருக்கிவிடுவர். பெரும்பாலோருக்குப் பழைய நிலை உடனே திரும்பிவிடும்.

சோதனையின் ஆபத்து

பலூன் சோதனையும் முற்றிலும் ஆபத்தற்றதன்று. தமனியின் உட்சுவர் கிழியலாம். பலூனுக்குப் பின்னால் தேங்கிய குருதி உறைந்து மூளைக்குச் செல்லலாம். அமெரிக்காவில் செய்யப்பட்ட 500 சோதனைகளைத் தொகுத்து 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், நூற்றுக்கு 3.2 பேருக்கு ஏதேனும் ஒரு சிக்கல் நேர்ந்தது. அவற்றுள் பல அறிகுறி இல்லாதவை அல்லது தாமாக நீங்கியவை. நிலைத்த நரம்புப் பாதிப்பு நூற்றுக்கு 0.4, அதாவது 500 பேரில் இருவர்.

இந்த எண்ணை, சோதனை செய்யாவிட்டால் நேர்வதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முன்பு வெளியான பதிவுகளைத் தொகுத்துப் பிட்ஸ்பர்க் மருத்துவர்கள் 1994-இல் ஆராய்ந்தனர். முன்சோதனை இல்லாமல் கழுத்துத் தமனி திடீரென மூடப்பட்டவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்திருந்தது. நூற்றுக்குச் சுமார் 12 பேர் இறந்திருந்தனர். சோதனையில் தேறிய பின் மூடப்பட்டவர்களுள் பக்கவாதம் ஏறத்தாழ எட்டில் ஒருவராகவும், இறப்பு நூற்றுக்குச் சுமார் 3 ஆகவும் குறைந்திருந்தன.

சோதனையின் பயனுக்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஆனால் அதே எண்கள் இன்னொன்றையும் சொல்கின்றன. தேறியவர்களிலும் எட்டில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்திருக்கிறது.

தேறியவருக்கும் ஏன் பக்கவாதம்?

மூளைத் திசு 100 கிராமுக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் குருதி இயல்பாகக் கிடைக்கிறது. அது 20 அளவுக்குக் குறைந்தால் நரம்பணுக்கள் வேலையை நிறுத்துகின்றன. கை தளர்கிறது, பேச்சு நிற்கிறது. 10 அளவுக்குக் குறைந்தால் அவை இறக்கத் தொடங்குகின்றன.

பலூனை ஊதியபோது ஒருவருக்கு ஓட்டம் 25-க்கு இறங்கியது என்று கொள்வோம். அவர் பேசுவார், கையை உயர்த்துவார், சோதனையில் தேறிவிடுவார். ஆனால் அவரிடம் கையிருப்பு எதுவும் இல்லை. அறுவைக்குப் பின் ஓரிரவு குருதி அழுத்தம் சற்றுத் தாழ்ந்தாலும் 25 என்பது 18 ஆகிவிடும். அரை மணி நேரச் சோதனை அந்த அரை மணி நேரத்துக்கு மட்டுமே சான்று. மேலும், மூடப்பட்ட தமனியில் பின்னர் உருவாகும் குருதிக்கட்டி நழுவி மூளைக்குச் செல்வதை எந்த முன்சோதனையும் கண்டுகொள்ளாது.

இக்குறையை ஈடுசெய்யக் கூடுதல் அளவீடுகள் சேர்க்கப்பட்டன. பலூன் ஊதிய நிலையிலேயே மருந்தால் குருதி அழுத்தத்தைத் தாழ்த்திப் பார்ப்பது ஒன்று. மூளை மின்னலைகளைப் பதிவு செய்வது இன்னொன்று. செனான் வாயுவை நுகரச் செய்தோ கதிரியக்க மருந்தைச் செலுத்தியோ மூளைக் குருதியோட்டத்தைப் படமெடுப்பது மற்றொன்று. இரு பக்க மூளையிலும் சிரைகள் நிரம்பும் நேரத்தை ஒப்பிடுவதும் உண்டு. அடைத்த பக்கம் நொடிக்கணக்கில் பிந்தினால் அங்கு ஓட்டம் போதவில்லை என்று பொருள்.

செலவின் கணக்கு

பலூன் சோதனைக்கு எக்ஸ்-கதிர்க் கருவி பொருத்திய வடிகுழாய்க் கூடம் வேண்டும். ஒருமுறை மட்டுமே பயன்படும் வடிகுழாயும் பலூனும் வேண்டும். பயிற்சி பெற்ற குழு வேண்டும். மூளைப் படமும் மின்னலைப் பதிவும் சேர்ந்தால் செலவு மேலும் உயரும். ஒவ்வொரு கூடுதல் அளவீட்டுக்கும் நேரமும் கூடுகிறது; பலூன் தமனிக்குள் இருக்கும் நேரம் கூடினால் ஆபத்தும் கூடுகிறது.

இச்செலவைத் தனியே பார்த்தால் பெரிதாகத் தெரியும். அதைத் தவிர்த்தால் என்ன செலவாகும் என்றும் பார்க்க வேண்டும். 1967-இல் சூரிக் நகரில் யாசர்கில், தலைத்தோலின் தமனியை மூளைத் தமனியுடன் இணைத்து மாற்றுவழி அமைக்கும் நுண்ணறுவையைத் தொடங்கினார். கழுத்துத் தமனியை மூட வேண்டிய அனைவருக்கும் முன்கூட்டியே மாற்றுவழி அமைத்துவிடலாம் என்று கருதுவோர் உள்ளனர். ஆனால் அது நீண்ட, அரிய திறன் வேண்டும் அறுவை. அதற்கென்று தனி ஆபத்துகளும் உண்டு. சோதனையில் நன்கு தேறியவருக்கு அந்த அறுவை தேவைப்படாது. தேறாதவருக்கு மட்டும் அதைச் செய்யலாம். பலூனுக்காகும் செலவு இவ்வாறு ஒரு பெரிய அறுவையை மிச்சப்படுத்துகிறது. பக்கவாதம் வந்தால் குடும்பம் வாழ்நாள் முழுவதும் சுமக்க வேண்டிய செலவை எந்த மருத்துவமனைக் கட்டணச் சீட்டும் காட்டாது.

செலவு குறைந்த இடைவழிகளும் உள்ளன. ஒரு பக்கக் கழுத்தை வெளியிலிருந்து அழுத்திக்கொண்டே மறுபக்கத் தமனியில் சாயமருந்தைச் செலுத்திப் படமெடுத்தால், வளையத்தின் இணைப்புகள் திறந்துள்ளனவா என்று தெரிந்துவிடும். இது முழு விடை ஆகாது. ஆனால் இணைப்பே இல்லாதவரை முன்கூட்டியே அடையாளம் காட்டும்.

விரலும் முற்றிலும் மறையவில்லை. கண்ணுக்குப் பின்னால் தமனிக்கும் சிரைக்கும் இடையே ஏற்படும் சிலவகைக் கிழிசல்களுக்கு, மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளியே தம் கழுத்தைச் சில நொடிகள் அழுத்தும் சிகிச்சை உண்டு. ஓட்டம் மெதுவாகி, கிழிசல் தானே மூடிக்கொள்ள இது உதவும். இதில் ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது: வலப்பக்கக் கழுத்தை இடக்கையால் அழுத்த வேண்டும். இடக்கையை இயக்குவது வலப்பக்க மூளை. அங்கே குருதி குறைந்தால் இடக்கை தானாகவே தளர்ந்து விழும், அழுத்தமும் விலகும். விலையில்லாத இப்பாதுகாப்பு, மாட்டாஸின் எண்ணத்திலிருந்தே கிளைத்தது.

இன்றைய நிலை

புடைத்த தமனியை மூடாமலேயே, அதற்குள் நெருக்கமான கம்பிவலைக் குழாயைப் பொருத்திக் குருதியைத் திசைதிருப்பும் முறை இப்போது பரவியுள்ளது. அமெரிக்காவில் இதற்கு 2011-இல் ஒப்புதல் கிடைத்தது. இதனால் தமனியை மூட வேண்டிய தேவையும், அதற்கான சோதனையும் குறைந்துள்ளன. ஆனால் இக்கருவியின் விலை அதிகம். மருத்துவச் செலவைக் குடும்பமே ஏற்க வேண்டியுள்ள நாடுகளில், சோதித்துப் பார்த்துத் தமனியை மூடும் பழைய வழி இன்றும் பொருளுடையது. தமனியைச் சுற்றி வளர்ந்த கட்டிகளை நீக்கும்போதும் இச்சோதனைக்கு இடமுண்டு.

அபர்நெதி 1798-இல் எதிர்கொண்ட கேள்வி இன்னும் மாறவில்லை. அன்று விடை அறுவைக்குப் பின் கிடைத்தது. இன்று பெரும்பாலும் முன்பே கிடைக்கிறது. விரலிலிருந்து பலூன் வரை கருவிகள் மாறின; விலையும் ஏறியது. எனினும், விழித்திருக்கும் நோயாளியிடம் கையை உயர்த்தச் சொல்லி, அது உயர்கிறதா என்று பார்க்கும் அந்தச் செலவற்ற பகுதியை எந்தக் கருவியும் இன்னும் நீக்கிவிடவில்லை.